ஏப்ரல் ஆற்றில் படகுப் போட்டி: கேஜில் எத்தனை அடி இருந்தால் இறங்கலாம்?

மார்ச் 22 (கேள்வி)

மாசசூசெட்ஸ்ல இருக்கோம். நானும் ரூம்மேட்டும் ஏப்ரல் மூணாவது சனிக்கிழமை வெஸ்ட்ஃபீல்டு ஆத்துல நடக்கிற கேனோ போட்டிக்குப் பேர் குடுத்திருக்கோம். இதுவரைக்கும் ஏரியிலதான் துடுப்பு போட்டிருக்கோம். யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) தளத்துல ஆத்து மட்டம் நாலு அடின்னு காட்டுது. எங்க கேனோ ஆறு அங்குலம்தான் தண்ணியில அமுங்கும். அப்ப தாராளமாப் போதுமே? இதை எதுக்கு ஆளாளுக்குக் காலையில எழுந்ததும் பார்க்கிறீங்க? தங்கம் விலையா இது?

மார்ச் 22, இரவு

அந்த நாலு அடி ஆழம் இல்லை தம்பி. கேஜ் என்கிற மட்டமானியை வைத்தவர்கள் அந்த இடத்தில் ஒரு சுழியத்தைத் தங்கள் வசதிக்குக் குறித்துக்கொண்டு அங்கிருந்து நீர்மட்டத்தை அளக்கிறார்கள். சுழியம் படுகைக்குக் கீழே இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். சில கேஜ்களில் கோடையில் மைனஸ்கூட வரும். ஆறு பாதாளத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேஜ் ஒரு மடுவில் நின்றால் நாலு அடி காட்டும்போது அங்கே ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும், அரை மைல் தள்ளி ரேப்பிடில் (பாறைகள் மேல் வேகமாக ஓடுகிற பகுதி) கணுக்கால் அளவுதான் ஓடும். ஓர் ஆற்றின் நாலு அடிக்கும் இன்னோர் ஆற்றின் நாலு அடிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஆறு அங்குலம் அமுங்கும் என்பதும் ஏரியில்தான். அலையிலிருந்து இறங்கும்போது கேனோவின் மூக்கு எவ்வளவு குத்துகிறது என்று அன்றைக்குப் பார்ப்பீர்கள்.

மார்ச் 23

நேற்று அவசரமாக எழுதினேன். இன்று கொஞ்சம் நீளம்.

அடியை விட்டுவிட்டு கன அடியைப் பாருங்கள். நம் ஊர்ப் பேப்பர் படிக்கிற எவருக்கும் இது புதிதில்லை. "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று வருமே, அதே கன அடிதான் இங்கேயும். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். மேட்டூர் எண்களோடு வளர்ந்தவர்களுக்கு நியூ இங்கிலாந்து ஆறுகளைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும், ஆயிரம் கன அடியெல்லாம் ஒரு ஆறா என்று. அந்த ஆயிரம் கன அடி குறுகிய படுகையில் பாறைகளுக்கு நடுவே சரிவில் இறங்குகிறது. விநாடிக்கு 28 டன் தண்ணீர். கேனோ பக்கவாட்டில் ஒரு பாறையில் சாய்ந்து நின்றால் அதில் ஒரு பங்கு உங்கள் படகுக்குள் வந்து உட்காரும்.

வெஸ்ட்ஃபீல்டு விஷயத்துக்கு வருகிறேன். அது மூன்று கிளை. ஈஸ்ட் பிராஞ்ச் என்கிற பிரதான கிளையில் நைட்வில் அணை (1941). மிடில் பிராஞ்சில் லிட்டில்வில் அணை (1965). இரண்டும் வெள்ளத் தடுப்புக்காக ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டியவை. வெஸ்ட் பிராஞ்சுக்கு அப்படி ஓர் அணை இல்லை, மலையிலிருந்து வருவது அப்படியே வரும். மூன்றும் ஹன்டிங்டன் ஊரில் சேர்கின்றன. நீங்கள் இறங்குகிற தண்ணீர் இந்த மூன்றின் கூட்டுத்தொகை. ஒரே கேஜைப் பார்த்துவிட்டுப் "போதும்" என்று சொல்கிறீர்கள், அது எந்தக் கிளையின் கேஜ் என்றுகூடச் சொல்லவில்லை.

பார்க்க வேண்டியவை: நைட்வில் கேஜ், காஸ் ஹைட்ஸ் கேஜ் (மிடில் பிராஞ்ச்), ஹன்டிங்டனில் இருக்கிற வெஸ்ட் பிராஞ்ச் கேஜ். உதாரணத்துக்கு 600, 150, 400 என்று காட்டினால் ஊருக்குக் கீழே 1,150. இதில் முதல் இரண்டும் அணைக்காரர்கள் கையில். மூன்றாவது வானத்தின் கையில். சனிக்கிழமை காலை உங்களை ஏமாற்றப்போவது அந்த மூன்றாவதுதான்.

மார்ச் 23, பின்னிரவு

கேஜ் கன அடியை நேரடியாக அளப்பதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். அது அளப்பது மட்டத்தை மட்டும். ஊழியர்கள் அவ்வப்போது வந்து ஒலியால் வேகம் அளக்கும் கருவியை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்து உண்மையான ஓட்டத்தை அளந்து, "இந்த மட்டத்துக்கு இத்தனை கன அடி" என்று ஒரு வளைகோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மட்டத்தை அந்தக் கோட்டில் வைத்துக் கணக்கிட்டு உங்களுக்குக் காட்டுகிறார்கள். பெரிய வெள்ளம் வந்து படுகையை அரித்தாலோ மணலைக் கொட்டினாலோ கோடு மாறும். அடுத்த முறை ஆள் வந்து அளக்கிற வரைக்கும் பழைய கோடுதான். பக்கத்தில் "தற்காலிகத் தரவு" என்று போட்டிருப்பது இதனால்தான், யாரும் படிப்பதில்லை.

அந்தக் கோடு நேர்கோடும் இல்லை. தாழ்ந்த மட்டத்தில் ஒரு அடி ஏறினால் கொஞ்சம் தண்ணீர் கூடும். உயர்ந்த மட்டத்தில் அதே ஒரு அடி ஏறினால் தலைகீழாகிவிடும். வேகம் இரட்டித்தால் தண்ணீர் தள்ளுகிற விசை நாலு மடங்கு. "போன வருஷத்தைவிட ஒரு அடிதான் கூட" என்று சொல்கிறவரோடு ஒரே படகில் ஏறாதீர்கள்.

மார்ச் 25

"என் ஆப்பில் பச்சைப் புள்ளி காட்டுது, பச்சைன்னா சேஃப்தானே" என்று ஒருவர் மேலே கேட்டிருக்கிறார்.

இல்லை. அந்த வரைபடத்தில் பச்சை என்றால், பல ஆண்டுத் தரவில் இதே தேதிக்கு வழக்கமாக இருக்கிற அளவுக்குள் இருக்கிறது என்று பொருள். நூற்றுக்கு 25 முதல் 75 வரையிலான நடுப்பகுதி. ஏப்ரல் நடுவில் வழக்கமாக இருப்பதே பனி உருகி வருகிற பெருந்தண்ணீர். ஆகஸ்டில் அதே கன அடி வந்தால் புள்ளி கருநீலத்துக்குப் போயிருக்கும். பச்சை உங்களுக்குச் சொல்வது "ஏப்ரல் ஏப்ரல் மாதிரி இருக்கிறது" என்பதை மட்டும். டிராஃபிக் சிக்னல் பழக்கம் நமக்கு, பச்சையைப் பார்த்தால் கால் தானாக ஆக்சிலரேட்டருக்குப் போகிறது.

மார்ச் 25, கொஞ்ச நேரம் கழித்து

எண்ணைவிடக் கோடு முக்கியம். கடைசி ஏழு நாள் கிராஃபைத் திறந்து வையுங்கள். 900-இல் இருந்து இறங்கி வருகிற ஆறும் 900-க்கு ஏறி வந்திருக்கிற ஆறும் வேறு வேறு ஆறுகள். ஏறுகிற ஆறு கரையில் கிடந்த கிளைகளையும் மரங்களையும் சுமந்துகொண்டு வரும், போட்டி முடிவதற்குள் 1,400 ஆகியிருக்கும்.

15 நிமிஷத்துக்கு ஒரு அளவு பதிவாகும், ஆனால் செயற்கைக்கோள் வழியாக மணிக்கொரு முறைதான் அனுப்புகிறார்கள். நீங்கள் திரையில் பார்க்கிற கடைசிப் புள்ளி ஒரு மணி நேரம் பழசாக இருக்கலாம். கடைசிப் புள்ளிக்கு மேலே இருக்கிற நேரத்தைப் படியுங்கள்.

மார்ச் 27

வெர்மாண்டிலிருந்து எழுதியவர் "எங்க ஆத்துல ராத்திரியோட ராத்திரியா மூணு அடி ஏறிடுச்சு, மழையே இல்ல" என்கிறார். கன அடிப் பத்தியில் எண்ணுக்குப் பதிலாக "ஐஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். கீழே ஐஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் தேங்கி மட்டம் ஏறும், ஓட்டம் குறையும். வளைகோடு அந்த நேரத்தில் செல்லாது, அதனால்தான் எண்ணைத் தூக்கிவிட்டு "ஐஸ்" என்று போடுகிறார்கள். அடைப்பு உடைகிற நேரம் பக்கத்தில் நிற்காதீர்கள். கார் அளவு ஐஸ் பாளங்கள் பாலத்தூணில் மோதுகிற சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் படகை வீட்டில் பூட்டிவிட்டு வருவான்.

மார்ச் 30

மழைக் கேள்வி நிறைய வந்துவிட்டது. "பனி மேல மழை பெஞ்சா பனியெல்லாம் கரைஞ்சு ஓடிடும்ல?" ஓடும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை.

மழைநீரின் சூடு அற்பம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் மழை பனிமேல் விழுந்தால் அது உருக்கக்கூடியது எட்டில் ஒரு கிலோ பனி. பெரிய வேலையைச் செய்வது காற்றில் இருக்கிற ஈரம். புழுக்கமான தென்காற்று பனிமேல் வந்து படும்போது ஈரம் பனியில் நீர்த்துளியாகப் படிகிறது. அப்படிப் படிகிற ஒவ்வொரு கிலோ ஈரமும் ஏழு கிலோவுக்கு மேல் பனியை உருக்கும் அளவு வெப்பத்தைக் கொட்டுகிறது. ஆவியாகும்போது வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கிறது, வட்டி இல்லாமல். இதோடு மழைநீரும் சேர்ந்து வருகிறது. அடியில் மண் இன்னும் உறைந்து கிடந்தால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது, எல்லாம் ஓடைக்குப் போகும்.

அதனால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் நான் பார்க்கிற முதல் எண் மழை அளவு இல்லை. டியூ பாயிண்ட், அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை. அது ராத்திரியெல்லாம் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே, 45, 50 என்று நிற்கிறது, காற்றும் அடிக்கிறது, மலையில் பனியும் இருக்கிறது என்றால் ஆறு ஏறப்போகிறது. வெளியே அடையாளம் வேண்டுமென்றால்: பனி மூடிய வயலின் மேல் இடுப்பளவுக்கு மூடுபனி நிற்கும். பெர்க்‌ஷையர் மலைப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டும்போது அதைப் பார்த்தால் என் வீட்டம்மா "நாளைக்கு நான் வரல" என்று அப்போதே சொல்லிவிடுவாள். கிராஃப் எனக்கு மறுநாள் காலைதான் சொல்லும்.

1987 ஏப்ரல் முதல் தேதி மெய்ன் மாநிலத்தில் வந்த பெருவெள்ளம் இந்தக் கூட்டணிதான்: கனமழை, கீழே பனி. எதிர்ப்பக்கத்துக்கு 2012. மார்ச்சிலேயே வடகிழக்கு முழுக்க வெயில் கொளுத்தி, ஏப்ரலுக்கென்று வைத்திருந்த பனியையெல்லாம் முன்கூட்டியே தீர்த்துவிட்டது.

வெறும் வெயிலில் உருகுகிற நாட்களில் ஆற்றுக்குத் தினசரி மூச்சு இருக்கும். மலையில் பிற்பகலில் அதிகம் உருகும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர இரவாகும், சில ஆறுகளில் மறுநாள் காலை. கிராஃபில் ரம்பப் பல் மாதிரி தெரியும். பல்லின் எந்தப் பக்கத்தில் உங்கள் போட்டி தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 1

"தண்ணி கம்மின்னா பயமில்லை" என்று ஒருவர் விடாமல் வாதாடுகிறார். மூன்று பதிவு போட்டுவிட்டார். சரி, ஒரு தடவை பதில்.

தண்ணீர் கம்மியானால் மூழ்கியிருந்த பாறை எல்லாம் வெளியே தலைகாட்டும். படகு நின்றுவிடும். நீங்கள் இறங்கித் தள்ளப் பார்ப்பீர்கள். முழங்கால் ஆழம், வேகமான ஓட்டம், வழுக்குப் பாறை. கால் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கினால் தண்ணீர் முதுகில் தள்ளி உங்களை முன்பக்கமாகக் கவிழ்க்கும், கால் வராது. முழங்கால் தண்ணீரில் இப்படிச் செத்திருக்கிறார்கள். விழுந்தால் எழுந்து நிற்காதே, மல்லாந்து படுத்துக் காலைக் கீழ்நோக்கி நீட்டிப் பாதத்தை மேலே வைத்து மிதந்து வா என்று எல்லாப் பயிற்சியிலும் முதலில் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, படகு. என் பழைய கேனோ ராயலெக்ஸ் என்கிற பிளாஸ்டிக்கால் ஆனது. பாறையில் மடங்கினாலும் உதைத்தால் நிமிர்ந்துவிடும். அந்தப் பொருளைத் தயாரிப்பதை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர் கம்மியான வருஷத்தில் அதன் அடியைப் பாறையில் தேய்ப்பது எனக்கு வயிற்றெரிச்சல். நல்ல தண்ணீர் என்று நான் சொல்வது நடுவில்தான் இருக்கிறது: பாறை மூடியிருக்க வேண்டும், ஆனால் கரையோர மரங்களுக்குள் தண்ணீர் போயிருக்கக் கூடாது. மரத்துக்குள் போன தண்ணீர் கிளை வழியாகப் புகுந்து போய்விடும், நீங்கள் போகமாட்டீர்கள். இங்கே ஸ்ட்ரெயினர் என்பார்கள். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

ஏப்ரல் 4

தங்கள் ஊர் நெடும் படகுப் போட்டியைப் பற்றி எழுதிய லண்டன்காரர் வந்து சேர்ந்ததில் சந்தோஷம். டிவைஸஸிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல், 77 இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஈஸ்டர் வாரயிறுதி. 1948-இல் தொடங்கிய பைத்தியம். அதன் பக்கத்தில் எங்கள் போட்டியெல்லாம் காலை நடை.

அவர் சொல்கிற பலகை முறை எனக்குப் பிடித்திருக்கிறது. தேம்ஸில் லாக்குகளில் (படகை ஏற்றி இறக்கும் மதகுகள்) பலகை மாட்டுகிறார்கள்: மஞ்சள் என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, சிவப்பு என்றால் பலத்த ஓட்டம். மஞ்சளிலேயே "கூடுகிறது", "குறைகிறது" என்று இரண்டு வகை இருக்கிறது பாருங்கள், மேலே நான் கோடு கோடு என்று கத்தியதை அவர்கள் ஒரு பலகையில் முடித்துவிட்டார்கள்.

ஆனால் அங்கே கடைசியில் கணக்கே மாறிவிடுகிறது. டெடிங்டன் தாண்டினால் கடல் ஏற்றவற்றம். ஒரே மூச்சில் வருகிற இரட்டையர் படகுகள் மேலே ஆற்றின் வேகத்தைப் பார்த்து, டெடிங்டனுக்கு எத்தனை மணிக்கு வந்தால் இறங்குகிற அலையோடு போகலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, டிவைஸஸில் கிளம்புகிற நேரத்தை முடிவு செய்ய வேண்டும். ஆற்று மட்டம் பார்ப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு மட்டுமில்லை, டைம்டேபிள்.

மெய்னில் கென்டஸ்கீக் ஓடைப் போட்டியிலும் (1967 முதல், பதினாறரை மைல், அதுவும் ஏப்ரல்) முடிகிற இடம் பாங்கர் நகரம். அங்கே பெனாப்ஸ்காட் ஆறு வழியாக ஏற்றவற்றம் உள்ளே வரை வரும். பதினாறு மைல் வெள்ளத்தோடு வந்துவிட்டுக் கடைசியில் ஏறுகிற அலையை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கெட்ட வார்த்தை தானாக வரும்.

ஏப்ரல் 5

தர்மபுரிக்காரர் எழுதியது: "நீங்க இவ்வளவு எழுதினதை எங்க ஊர்ல ஒரே வரியில போடுவாங்க: ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை."

உண்மை. அங்கேயும் பார்ப்பது மேலே இருக்கிற கேஜைத்தான். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும். முறை ஒன்றுதான். என்ன, அங்கே கலெக்டர் சொல்வார், இங்கே நீங்களே உங்களுக்குக் கலெக்டர். போட்டி நடத்துகிறவர்கள் ரத்து செய்யவில்லை என்பதற்காக உங்கள் படகும் நீங்களும் அந்தத் தண்ணீருக்குத் தகுதி என்று ஆகிவிடாது.

ஏப்ரல் 8

23-ஆம் தேதி போட்ட கூட்டல் கணக்கை மறுபடி யோசித்தேன். மூன்று கேஜையும் ஒரே நேரத்து அளவில் கூட்டச் சொன்னது ஆறு நிதானமாக இருக்கும் நாளுக்குச் சரி. ஏறும் நாளில் போதாது. நைட்வில் அணை ஊருக்குச் சில மைல் மேலே. அங்கே திறந்த தண்ணீர் உடனே வராது. வெஸ்ட் பிராஞ்ச் கேஜ் ஊரிலேயே இருக்கிறது, அங்கே காட்டுவது அடுத்த நொடி உங்கள் காலடியில். அதனால் முதல் எண்ணைக் கொஞ்சம் முன்னாடி நேரத்துக்கும் கடைசி எண்ணை இந்த நேரத்துக்கும் எடுத்துக் கூட்டுங்கள். ராணுவப் பொறியாளர் பிரிவு போட்டிக்காகத் தண்ணீர் திறந்துவிடுகிற வழக்கம் உண்டு, அதனால் இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஏறுகிற அலை, தண்ணீரைவிட வேகமாகப் போகும். தண்ணீர்த் துளி மணிக்கு நாலு மைல் போனால் ஏற்றம் சுமார் ஆறு மைல் வேகத்தில் கீழே போகும். நீங்கள் ஓட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தால் பின்னாலிருந்து ஆறு உங்களைத் தாண்டிப் போகும். சுற்றிலும் பாறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை வைத்துத்தான் தெரியும். துடுப்புப் போட்டால் அதன் முதுகில் ஏறிக்கொள்ளலாம், நீண்ட போட்டிக்காரர்கள் அணைத் தண்ணீரில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஏப்ரல் 8, இரவு

யாரோ "இந்த கேஜ் எல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகா" என்று கேட்டார். 1889. நியூ மெக்சிகோவில் எம்புடோ என்ற இடத்தில், ரியோ கிராண்ட் ஆற்றில் யு.எஸ்.ஜி.எஸ். முதல் கேஜ் வைத்தது. அப்போது நிறுவனத் தலைவர் ஜான் வெஸ்லி பவல். போரில் ஒரு கை போனவர். 1869-இல் மரப் படகுகளில் கொலராடோ ஆற்றோடு கிராண்ட் கேன்யனுக்குள் போய் மறுபக்கம் வந்தவர். அவருக்கு முன்னால் எந்த கேஜும் இல்லை, அடுத்த வளைவில் என்ன என்றே தெரியாது. அந்த மனிதர் தலைமையில் ஆறுகளை அளக்கத் தொடங்கினார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஏப்ரல் 11

இத்தனை பதிவில் ஒருத்தரும் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று கேட்கவில்லை. மட்டத்தைப் பற்றி நூறு கேள்வி. எனக்கு மட்டத்தைவிட இதுதான் கவலை.

ஏப்ரலில் இந்த ஆறுகள் 40 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றுவட்டாரம். ஃபிரிட்ஜ் தண்ணீர். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்கிற 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள் வராது, அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் சொன்னதைக் கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆக, பெரும்பாலோருக்கு ஆபத்து உறைந்து சாவதில் இல்லை, முதல் நிமிஷத்தில் தண்ணீரைக் குடிப்பதிலும் அப்புறம் கை ஒத்துழைக்காததிலும்தான். லைஃப் ஜாக்கெட்டைப் படகுக்குள் போட்டுவைக்காமல் உடம்பில் மாட்ட வேண்டும் என்பது இதனால்.

கை ஒத்துழைக்காதது என்றால் என்னவென்று சொல்கிறேன். ஒரு ஏப்ரலில் கவிழ்ந்து கரையேறின பிறகு ஹெல்மெட் பக்கிளைக் கழற்றப் பார்த்தேன். விரல் தெரிகிறது, பக்கிள் தெரிகிறது, இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும் என்று தெரிகிறது. விரல் ரப்பர் மாதிரி அதன்மேல் சறுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் வீட்டம்மா பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து கழற்றினாள். நான் டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) போட்டிருந்தேன். போடாதவர் நிலைமையை யோசியுங்கள்.

"காற்றும் தண்ணீரும் சேர்த்து 120 ஃபாரன்ஹீட்டுக்கு மேலே இருந்தால் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) வேண்டாம்" என்று ஒரு பழைய கணக்கு சுற்றுகிறது. நம்பாதீர்கள். நல்ல வெயில் நாளில் காற்று 80, தண்ணீர் 42. கூட்டினால் 122, பாஸ். நீங்கள் விழப்போவது 80-லா, 42-லா?

ஏப்ரல் 14

புதன் ராத்திரி மழை என்று முன்னறிவிப்பு மாறியிருக்கிறது. தம்பி பதற்றத்தில் தனிமடல் போட்டிருக்கிறார், பதிலை இங்கேயே போடுகிறேன்.

வெஸ்ட் பிராஞ்ச் கேஜுக்கு எச்சரிக்கை பதிவு செய்துகொள்ளுங்கள். யு.எஸ்.ஜி.எஸ். இலவசமாகவே தருகிறது, நீங்கள் குறிக்கிற அளவைத் தாண்டினால் செய்தி வரும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரில் போங்கள். பாதையோடு ரோடு போகிறது, வண்டியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் பாறைகள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே கையளவுக்கு ஈரக் கருப்புப் பட்டை இருந்தால் ஆறு இப்போதுதான் இறங்கியிருக்கிறது. பட்டையே இல்லாமல் காய்ந்த பாறை நேராகத் தண்ணீரைத் தொட்டால் ஒன்று நிலையாக இருக்கிறது, இல்லை ஏறுகிறது. எது என்று தெரிய, கரையோரம் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் குத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஓட்டத்தில் இலை, சுள்ளி, அழுக்கு நுரை எல்லாம் வந்துகொண்டிருந்தால் ஏறுகிறது. கரைப் புல் தண்ணீருக்குள் படுத்து ஆடிக்கொண்டிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், அது என் கோடு.

புதிதாக விழுந்த மரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை எந்த கேஜும் சொல்லாது.

ஏப்ரல் 16

"சரிண்ணா, கடைசியா ஒரு நம்பர் சொல்லுங்க, எத்தனை கன அடின்னா போகலாம்?"

சொல்லமாட்டேன். என் நம்பர் என் படகுக்கும், முன்னால் உட்கார்ந்து பாறையைப் பார்த்து "இடது" என்று கத்துகிற என் வீட்டம்மாவுக்கும் ஒத்துவருகிற நம்பர். (அவள் "இடது" என்றால் பாறை இடதிலா, படகு இடதுக்கா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.) நீங்கள் இரண்டு பேரும் ஏரிக்காரர்கள். ஓட்டத்தில் எடிக்குள் (பாறைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கிய தண்ணீர்) திருப்பி நிறுத்தத் தெரியுமா? தெரியாதென்றால் நாளை போட்டிப் பாதைக்குப் போகாமல், லேசான ஓட்டம் இருக்கிற ஏதாவது ஓரிடத்தில் தெரிந்தவர் யாரோடாவது போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்தத் தெரியாதவர்களுக்கு எந்தக் கன அடியும் அதிகம்.

ஏப்ரல் 17, காலை

வெஸ்ட் பிராஞ்ச் ராத்திரி ஏறத் தொடங்கிவிட்டது. நைட்வில் கோடு படுத்த மாதிரியே இருக்கிறது, அணை பிடித்து வைத்திருக்கிறது. மார்ச் 23 முதல் பதிவின் கடைசி வரியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 18, மாலை

உச்சம் தொட்டு இறங்குகிறது. மழை நின்று, டியூ பாயிண்ட் உறைநிலைக்குக் கீழே போய்விட்டது, வடமேற்குக் காற்று. நாளைக் காலை இன்னும் இறங்கியிருக்கும், ஆனால் குளிரும். நாங்கள் போகிறோம். கேனோவை வண்டிமேல் கட்டியாயிற்று.

ஏப்ரல் 21

தம்பி எழுதியதைப் படித்தேன். ஒரு தடவை கவிழ்ந்து, படகு பாதி நிரம்பி, கரையில் நின்றவர்கள் வீசின கயிற்றில் வந்தார்கள், வெட்சூட் வாடகைக்கு எடுத்திருந்தார்கள், மறுபடி ஏறி முடித்தும்விட்டார்கள். நல்லது. கவிழ்ந்தது நான் மேலே சொன்ன எதனாலும் இல்லை, கரையில் போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துக் கையசைத்ததால். அதற்கு கேஜ் கிடையாது.

மே முதல் வாரம் ஹட்சன் போட்டிக்கு எந்த கேஜ் என்று அடுத்து ஒருவர் கேட்டிருக்கிறார். நார்த் கிரீக். ஆனால் அங்கே மேலே இண்டியன் ஆற்றில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், திறக்கிற நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், இந்தப் பக்கம் ஏற்கெனவே நீண்டுவிட்டது. டிரைசூட் விற்கிறேன் என்று நடுவில் விளம்பரம் போட்டவரே, கழுத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதையும் போடுங்கள்.